கிராணி பதில்கள்: பேசவிடலாமா, தடுக்கலாமா?

கிராணி ஐயாவுக்கு வணக்கம். எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பாளர் சங்கம் வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தது. ஒரே கேள்விதான்: "நமது பாலாய் ராயா மண்டபத்தில் நாட்டுக்கும் சமயத்துக்கும் எதிராகப் பேசுவதை அனுமதிக்கலாமா? ஆம் / இல்லை." ஏறக்குறைய எல்லாருமே 'இல்லை' என்று கோடு போட்டுக் கொடுத்தோம். இப்போது, "மக்களே சொல்லிவிட்டார்கள், இனி பொதுக்கூட்டத்தில் பேச நினைப்பவர்கள் பேச்சை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும்" என்கிறது சங்கம். நான் அப்படியா சொன்னேன்?
— ஓர் இல்லத்தரசி, பெஸ்தாரி ஜெயா

சொல்லவில்லை அம்மா. உங்களிடம் அதை யாரும் கேட்கவும் இல்லை. பேச்சை முன்கூட்டி எழுதி வாங்கலாமா என்ற பேச்சே அந்தத் தாளில் கிடையாது. கேட்டது ஒன்று, எடுத்துக்கொண்டது இன்னொன்று.

நீங்கள் அனுப்பிய தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். ஒரு வரிக்குள் எவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள்! 'நாட்டுக்கும் சமயத்துக்கும்' என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். அரசாங்கத்தைத் திட்டுகிறவன் திட்டிவிட்டுப் போகட்டும், சாமியைத் திட்டுகிறவன்தான் வேண்டாம் என்று நினைக்கிறவர் எங்கே கோடு போடுவார்? அவருக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அப்புறம் அந்த 'எதிராக'. மணல் லாரி ஓடி ஓடி ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, கேட்க ஆளில்லை என்று ஒருவர் மைக்கைப் பிடித்தால் அது நாட்டுக்கு எதிரா? கோயில் கணக்கை எப்போது வாசிப்பீர்கள் என்று கேட்டால் அது சமயத்துக்கு எதிரா? கோடு போட்டபோது நீங்கள் மனதில் நினைத்த ஆள் வேறு. சங்கத்தார் மனதில் இருக்கிற ஆள் யார் என்பதை உங்கள் ஊரில் விசாரித்தாலே தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சரி செய்துவிட்டாலும் 'அனுமதிக்கலாமா' என்ற சொல் பாக்கி இருக்கிறது. அது சாதுவாகத் தெரியும். ஆனால் அதை வைத்து 1940-லேயே அமெரிக்காவில் ஒரு சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். எல்மோ ரோப்பர் என்பவரின் கருத்துக்கணிப்பில், ஒரே மாதிரியான இரண்டு கூட்டத்தாரிடம் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஒரு கூட்டத்திடம், "ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா?" என்று கேட்டார்கள். 100 பேரில் 62 பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள், 21 பேர் அனுமதிக்கலாம் என்றார்கள், மீதிப்பேர் கருத்தில்லை என்றார்கள். மற்றக் கூட்டத்திடம், "தடை செய்ய வேண்டுமா?" என்று கேட்டார்கள். தடை செய்யலாம் என்றவர்கள் 46 பேர்தான். தடை வேண்டாம் என்றவர்கள் 39 பேர். டொனல்ட் ரக் என்ற ஆய்வாளர் இதை 1941-இல் எழுதி வெளியிட்டார்.

பேசவிடலாம் என்போர் ஒரு தாளில் 21, இன்னொரு தாளில் 39. நாடு மாறவில்லை, ஜனங்கள் மாறவில்லை, விஷயமும் மாறவில்லை. முதல் தாளை மட்டும் கையில் வைத்திருக்கிற தலைவர், "பத்தில் ஆறு பேர் என் பக்கம்" என்று மேசையைத் தட்டுவார். இரண்டாவது தாளைக் கொடுத்துப் பாருங்கள், பாதிப் பேர்கூடத் தேறமாட்டார்கள்.

ஏதோ யுத்தகாலத்துக் கோளாறு என்று தள்ளிவிடவும் முடியாது. 1970-களில் ஹோவர்ட் ஷூமன், ஸ்டான்லி பிரெசர் என்ற இரண்டு பேர் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார்கள். அதற்குள் அமெரிக்கர்கள் கொஞ்சம் தாராளமாகியிருந்தார்கள். எந்த விதமாகக் கேட்டாலும் பேச்சை அடக்கச் சொன்னவர்கள் குறைந்திருந்தார்கள். ஆனால் இரண்டு கேள்விக்கும் நடுவில் இருந்த பள்ளம் மட்டும் தூரவில்லை.

ஆகவே அம்மா, சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "நான் 'இல்லை' என்றது நீங்கள் கேட்ட கேள்விக்கு. நீங்கள் கேட்காத கேள்விக்கு என் கோட்டைப் பயன்படுத்த வேண்டாம்" என்று இரண்டே வரி போதும். ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் ஒன்றுதானே ஐயா? ஒன்றுக்கு 'சரி' சொல்கிறவர் மற்றதற்கு ஏன் தயங்குகிறார்? ஜனங்களுக்குக் கேள்வி புரியவில்லையா?
— கல்லூரி மாணவர், தஞ்சோங் மாலிம்

கேள்வி நன்றாகவே புரிகிறது தம்பி. படித்த பிள்ளைகள் முதலில் இந்த எண்ணத்தை விட வேண்டும். புத்தகக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் மனுஷனுக்கு, அனுமதிக்காமல் இருப்பது என்றால் சும்மா இருப்பது. தடை செய்வது என்றால் எழுந்து போய் ஒருவன் வாயைப் பொத்துவது, போலீஸைக் கூப்பிடுவது, நாளைக்கு அவன் முகத்தில் விழிக்க வேண்டியிருப்பது.

1986-இல் ஹிப்லர், ஷ்வார்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்தார்கள். அந்த விஷயத்தில் பெரிய அக்கறை இல்லாதவர்கள் இரண்டு கேள்விக்குமே 'வேண்டாம்' என்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அனுமதிக்கவா? வேண்டாம். தடை செய்யவா? அதுவும் வேண்டாம். பள்ளம் விழுவது பெரும்பாலும் இவர்களால்தான்.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதி ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கிற வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தேன். செம்பனைக்கு நடுவில் எஞ்சியிருந்த பழைய லயத்தில் ஒரு பாட்டி. பால்மரம் வெட்டிய கை, விரல்களெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "பாட்டி, எதிர்க்கட்சிக்காரங்க இங்க வந்து செராமாக் கூட்டம் போடலாமா?" "அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா, வேண்டாம்." அடுத்த பக்கத்தில் அதே விஷயம் வேறு விதமாக இருந்தது. "அவங்க வரக்கூடாதுன்னு நிறுத்திடலாமா?" பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "ஏன், அவனும் ஒரு பெத்தவ புள்ளதானே? பேசிட்டுப் போகட்டும். நான் உள்ள போய்ப் படுத்துக்கிறேன்."

தாளில் நான் என்ன எழுதுவது? முதல் கேள்விக்கு 'இல்லை', இரண்டாவதற்கும் 'இல்லை'. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் பார்த்தால், "இந்தக் கிழவிக்கு நிலையான கருத்தில்லை" என்பார். பாட்டிக்கு இருந்த கருத்து தெளிவானது: என்னைத் தொந்தரவு செய்யாதே, அவனையும் தொந்தரவு செய்யாதே. அதை எழுதத்தான் தாளில் கட்டம் இல்லை.

எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது: "பொது இடங்களில் விமர்சனப் பேச்சுக்குக் கட்டுப்பாடு இருக்கக்கூடாது என்பதை நீங்கள் ஏற்கவில்லை அல்லவா?" ஆம் என்பதா, இல்லை என்பதா? இன்னும் தலை சுற்றுகிறது.
— ஆசிரியை, கிள்ளான்

பதில் போடாமல் விட்டீர்களே, அதுவே நல்ல காரியம். மறுப்புக்கு மேல் மறுப்பு போட்ட கேள்வியால் ஒரு பெரிய நிறுவனமே தலைகுனிந்த கதை உண்டு. 1992-இல் அதே ரோப்பர் பெயரில் இயங்கிய நிறுவனம் அமெரிக்காவில் ஒரு கணிப்பு நடத்தியது. நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா என்று கேட்டார்கள். 22 விழுக்காட்டினர் 'சாத்தியம்' பக்கம் விழுந்தார்கள். ஐந்தில் ஒருவர் இனப்படுகொலையையே சந்தேகிக்கிறாரா என்று நாடே அதிர்ந்தது. 1994-இல் கேள்வியை நேராக்கிக் கேட்டதும் அது ஏறக்குறைய 1 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. நடுவில் போன ஜனங்கள் எங்கேயும் போகவில்லை. வாக்கியத்துக்குள் வழிதவறி நின்றவர்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு அனுப்பியவருக்கு, "நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பலாம். ஆசிரியை அல்லவா, சிவப்புப் பேனாவை எடுத்தாலும் தப்பில்லை.

"தோட்டத்து ஜனங்களுக்குப் பேச்சுச் சுதந்திரம் எல்லாம் நேற்று வந்த பேஷன். அவர்களிடம் போய் இதைப் பற்றிக் கருத்துக் கேட்பதே வீண்" என்று எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கல்யாண வீட்டில் சொன்னார். உங்கள் கருத்து?
— சிறுதொழில் செய்பவர், பந்திங்

பந்திங்கில் உட்கார்ந்துகொண்டா இப்படிப் பேசினார்? கிள்ளான் பக்கம் ஒரு நடை போய்ப் பழைய ஆட்களை விசாரித்திருக்கலாமே.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் முன்னால் நின்றார்கள். கூலியை உயர்த்து, சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு என்பது கோரிக்கையில் ஒரு பாதி. மறு பாதியைப் பாருங்கள்: பேசவும் கூட்டம் கூடவும் உரிமை வேண்டும். உறவுக்காரர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்து போகவிட வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். சைக்கிளில் போகும்போது துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சைக்கிளை விட்டு இறங்குவதும் பேச்சுச் சுதந்திரமும் ஒரே பட்டியலில் இருந்தன. படித்தவர்கள் இதைத் தனித்தனிப் பாடமாகப் படிக்கிறார்கள். காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்றவனுக்கு இரண்டும் ஒரே அவமானம். அந்தக் காலத்தில் தோட்டம் என்றால் தனியார் நிலம், வெளி ஆள் உள்ளே வந்து கூட்டம் போட துரை மனம் வைக்க வேண்டும். 'அனுமதி' என்றால் என்ன என்று எங்கள் ஜனங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. மே மாதம் நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் மாண்டார்கள்.

ரக் அந்த இரண்டு கேள்விகளைப் பற்றி எழுதியதும் அதே 1941-இல்தான் என்பதை நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஒருவர் பேச்சுரிமையைப் பற்றி எப்படிக் கேட்டால் எத்தனை பேர் என்ன சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். இங்கே எவரும் கேட்காமலேயே ஜனங்கள் பதிலைச் சொல்லிவிட்டார்கள். அடுத்த கல்யாணத்தில் அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருங்கள். சாப்பாடு முடிவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடலாம்.

"வரம்பில்லாப் பேச்சுச் சுதந்திரம் மலேசியாவுக்குத் தேவையா?" என்று ஒரு கணிப்பில் கேட்டார்கள். 'இல்லை' என்று சொன்னேன். சரிதானே?
— லாரி ஓட்டுநர், கோலசிலாங்கூர்

நீங்கள் சொன்னதில் குற்றமில்லை. ஆனால் கடையில் இல்லாத சாமானுக்கு உங்களிடம் விலை கேட்டிருக்கிறார்கள். நம் கூட்டரசு அரசமைப்பின் 10-ஆவது விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் தருகிறது. அதே விதியின் அடுத்த பிரிவு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. 1971-இல் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் சிறப்புநிலை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவதை நாடாளுமன்றம் தடுக்கலாம் என்றது அது. வரம்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. எந்த வரம்பு வேண்டும், எது அதிகம் என்பதுதான் கேட்க வேண்டியது.

கூட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் போலீஸ் பெர்மிட் இல்லாமல் பொதுவில் கூட முடியாது. 1978 தேர்தலில் திறந்தவெளிக் கூட்டங்களையே தடை செய்து, செராமாவை நாலு சுவருக்குள் தள்ளினார்கள். 2012-இல் அமைதிப் பேரணிச் சட்டம் வந்து, பெர்மிட்டுக்குப் பதில் மாவட்டப் போலீஸ் தலைவருக்கு 10 நாள் முன்னறிவிப்பு என்றானது. 2019 திருத்தத்தில் அது 5 நாளாகக் குறைந்தது. முன்னறிவிப்புக் கொடுக்காததைக் குற்றமாக்கித் தண்டிக்கும் பிரிவு செல்லாது என்று 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. "5 நாள் போதுமா, 10 நாள் வேண்டுமா, நோட்டீஸ் கொடுக்காதவரைத் தண்டிக்கலாமா?" என்று கேட்டிருந்தால் உங்களைப் போன்றவர் யோசித்துப் பதில் சொல்லியிருப்பீர்கள்.

பெஸ்தாரி ஜெயா அம்மாவுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. அந்தச் சட்டத்தில் முன்னறிவிப்பே தேவையில்லாத கூட்டங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சமயக் கூட்டம், இறுதி ஊர்வலம், கல்யாண விருந்து, பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பு, அதோடு சங்கங்களின் பொதுக்கூட்டமும் அதில் வருகிறது. போலீஸே கேட்காத காகிதத்தைத் தாமான் சங்கம் கேட்கிறது!

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பேச்சுச் சுதந்திரம் வேண்டும் என்கிறார்கள். பிடிக்காதவன் மேடை ஏறினால் வயரைப் பிடுங்குகிறார்கள். எதை நம்புவது?
— மின்பொருள் கடைக்காரர், சுங்கை சிப்புட்

வயரை நம்புங்கள். 1954-இல் சாமுவேல் ஸ்டோஃபர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதற்காகவே கேள்வியை மாற்றினார். சுதந்திரம் வேண்டுமா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஆளைக் கண்முன் நிறுத்தினார். தேவாலயத்துக்கும் மதத்துக்கும் எதிராக உங்கள் ஊரில் பேச ஒருவர் வருகிறார், பேசவிடலாமா? 37 விழுக்காட்டினர்தான் விடலாம் என்றார்கள். கம்யூனிஸ்ட் என்று ஒப்புக்கொண்டவர் வந்தால்? 27 விழுக்காடு. இதே மாதிரிக் கேள்விகளை 1970-களிலிருந்து அமெரிக்காவில் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள்.

பின்னால் வந்தவர்கள் இதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். கம்யூனிஸ்டைப் பேசவிடலாம் என்கிறவர், கம்யூனிஸ்டை வெறுக்காதவராகவே இருக்கலாம். அதில் என்ன தாராளம்? ஆகவே "உங்களுக்குக் கொஞ்சமும் ஆகாத கூட்டம் எது?" என்று முதலில் கேட்டுவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு மைக் கொடுக்கலாமா என்று கேட்கும் முறையை 1970-களின் கடைசியில் சிலர் கொண்டுவந்தார்கள். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். கேட்கும்போது ஆளின் முகம் மாறுவதை நேரில் பார்க்கலாம்.

முதலில் கலவரம், கைகலப்பு, வாகனம் எரிந்தது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "செராமாவுக்கு இடம் கொடுக்கலாமா?" என்றார்கள். இது நியாயமா?
— ஓய்வுபெற்ற தாதி, சித்தியவான்

நியாயமில்லை. கேள்வியின் வரிசையே பதிலைச் சாய்த்துவிடும். 1948-இல், கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் விடலாமா என்று முதலில் கேட்டபோது 36 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். நம் நிருபர்களை ரஷ்யா உள்ளே விட வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அப்புறம் இதைக் கேட்டபோது 73 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். அந்த நிருபர்களை வரிசை வாழவைத்தது. உங்கள் ஊர் செராமாவுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளியிருக்கிறார்கள்.

குறை சொல்வது சுலபம் கிராணியாரே. நான் ஒரு தாமான் சங்கத்தின் செயலாளர்தான். நீங்களே ஒரு நல்ல கேள்வி எழுதித் தாருங்கள், பார்ப்போம்.
— பெயர் வேண்டாம், பெஸ்தாரி ஜெயா

எந்தத் தாமான் என்று நான் கேட்கவில்லை. இந்தாருங்கள்:

"அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர், சங்கத்தின் வரவுசெலவைக் குறைகூறிப் பேச 5 நிமிடம் கேட்கிறார். நீங்கள் எதை விரும்புகிறீர்கள்? அவர் பேசட்டும், செயலவை பதில் சொல்லட்டும். பேசட்டும், ஆனால் என்ன பேசப்போகிறார் என்று செயலவை முன்கூட்டியே பார்க்கட்டும். அவர் பேச வேண்டாம். எனக்கு இதில் கருத்தில்லை."

பாதி வீடுகளுக்கு இந்த வரிசையிலும், மீதி வீடுகளுக்குப் 'பேச வேண்டாம்' என்பதை முதலில் வைத்தும் அச்சடியுங்கள். இரண்டு கட்டிலும் பதில் ஒன்றுபோல வந்தால் நம்பலாம். 'கருத்தில்லை'யை எடுத்துவிடாதீர்கள், என் பாட்டி மாதிரி ஆட்களுக்கு அதுதான் இடம். தாளில் பெயரும் வீட்டு எண்ணும் கேட்க வேண்டாம். அப்புறம், தலைவர் கேட்டுக்குக் கேட் நின்று கையில் வாங்குவதை நிறுத்திவிட்டு, பாலாய் ராயா வாசலில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றை வையுங்கள். சாவி செயலவையில் இல்லாத ஒருவரிடம் இருக்கட்டும்.